தூளிக்குக் காவல்

பர்மாச் சண்டையில் நாங்கள் முறை வைத்துத் தூங்குவோம். ஒருவன் விழித்திருப்பான், இன்னொருவன் குறட்டை விடுவான். அந்தக் குறட்டையைக் கேட்டபடி துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. என்னை நம்பி ஒருத்தன் கண்ணை மூடியிருக்கிறான் என்கிற நிம்மதி. பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆன பிறகும் அதற்காக ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊர் என்னை மதிக்காமல் இல்லை. போடியில் டீக்கடைக்குப் போனால் எழுந்து இடம் கொடுப்பார்கள். எழுந்தவர் மறுபடி என் பக்கத்தில் உட்கார மாட்டார், அவ்வளவுதான். நானும் லேசுப்பட்டவன் இல்லை. சுவரோரமாகத்தான் உட்காருவேன். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் எனக்கு இட்லி தொண்டையில் இறங்காது. இப்படிப்பட்டவனோடு யார் கூடி உட்காருவார்கள்?

அப்போதுதான் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காவல் வேலை கிடைத்தது. காய் எடுத்துவிட்டு இறங்கும் பெண்கள் என் கொட்டகை முன்னால் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஒளித்த ஏலக்காய் விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. பட்டாளத்துக்காரர் யாரையும் நம்ப மாட்டார் என்று கங்காணி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டு மீசையை வேறு முறுக்கிக்கொண்டேன், மடையன்.

மதியம் அவர்கள் ஓடையோரம் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறப்பார்கள். ஒருத்தி கொண்டுவந்த துவையல் எல்லார் சோற்றிலும் இருக்கும். கைப்பிள்ளைகளை மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டு, முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்த முறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பர்மா ஞாபகம் வரும். ஐம்பதடி தள்ளி நான் தனியாகத் தின்பேன். ஒரு நாளாவது கூப்பிட மாட்டார்களா என்று காது அந்தப் பக்கமே இருக்கும்.

ஒரு சாயங்காலம், புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்தி மடியை உதறிவிட்டு நகர்ந்தாள். தோளில் தூங்கிய பிள்ளையைச் சுற்றியிருந்த துணியில் ஒரு முடிச்சு தெரிந்தது. அவிழ்க்கச் சொன்னேன். உள்ளே பிள்ளைக்கு உரசிக் கொடுக்கிற ஒரு துண்டு வசம்புதான் இருந்தது. பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. அவள் முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள், நான் கேட்காமலே, சுருக்குப்பை முதல் முந்தானை முடிச்சு வரை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார்கள்.

நான் நம்பாதவர்கள் என்னை எதற்கு நம்ப வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அவர்கள் இறங்கும் நேரத்தில் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். காலடிகள் எனக்குப் பின்னால் வந்து நின்றன. கழுத்து வியர்த்து வழிந்தது. திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் காலடிகள் நகர்ந்து போயின. கங்காணி வந்து சத்தம் போட்டார். இனி இப்படித்தான், வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். காய் எடுப்பு மும்முரத்தில் அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, மழை தூறிய ஒரு காலையில், வசம்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டியவள் பிள்ளையோடு என் கொட்டகைக்குள் வந்தாள். கூரைச் சட்டத்தில் தூளியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டாள்.

"மரத்தடியில சொட்டுதுண்ணே. இங்கன கெடக்கட்டும். அழுதா லேசா ஆட்டி விடுங்க."

திரும்பிக்கூடப் பார்க்காமல் தோட்டத்துக்குள் போய்விட்டாள். சளி பிடித்த பிள்ளை. மூச்சு கர்கர்ரென்று சின்னக் குறட்டையாக இழுத்தது. அதைக் கேட்டுக்கொண்டே தூளிக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

மதியம் மழை விட்டது. ஓடைப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணே, சாப்பிட வாங்க."

எத்தனை நாள் காத்திருந்த குரல்.

"நீங்க சாப்பிடுங்கம்மா," என்றேன், பிள்ளை விழித்துவிடாதபடி. "பிள்ள தூங்குது. நான் காவல்ல இருக்கேன்."