பொட்டு வைத்த பலாக்கட்டைகள்

1. வெடித்த தவில்

சுடலைமுத்து தவிலை என் மேஜைமேல் வைத்தார். அதன் உடம்பில் ஓடிய வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. எங்கள் பட்டறையில் செய்த தவில். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"போடியில ஒரு கல்யாணம்மா. தாலி கட்டுத நேரம், கெட்டிமேளம்னு கை காட்டுதாக. நான் அடிக்கேன், டப்புனு ஒரு சத்தம். மாப்பிள்ளையே திரும்பிப் பாத்துட்டான்" என்றார்.

அவர் சாந்தன்பாறைக்காரர். ஏலத்தோட்டத்தில் வேலை, விசேஷங்களுக்கு ஒரு நாதஸ்வரச் செட்டில் தவில் வாசிப்பார். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் கோயிலில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கொடியேற்றத்துக்குத் தவிலோடு வந்து நிற்காவிட்டால் தேனியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவேன், வருகிறவரே இனிமேல் செட்டில் இருப்பார் என்று நாதஸ்வரக்காரர் சொல்லிவிட்டாராம். அந்த இடம் போய்விடக் கூடாது என்றுதான் உடுமலை வழியாகப் பஸ் மாறி மாறி, சித்தூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார்.

எங்களுடையது கூட்டுறவுப் பட்டறை. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் கட்டை கடைந்துகொண்டிருந்தோம். கட்டை என்றால் தோல் மாட்டாத மர உடம்பு; அதற்கான மரத்துண்டையும் கட்டை என்றே சொல்வோம். மரம் உலர்த்துவதில் கோயமுத்தூரில் பயிற்சி முடித்துவிட்டு, டெக்னிகல் அசிஸ்டென்டாக நான் அங்கே சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. என் வேலைகள் மூன்று: மரத்தின் ஈரம் பார்ப்பது, உலரவைப்பது, தேறிய கட்டையில் முத்திரை குத்துவது. முத்திரை இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. இந்தத் தவில் நான் வருவதற்கு முன்பே போனது.

வெடிப்பு, நார் போன வழியே நேராக ஓடியிருந்தது. உள்ளே ஈரம் இருக்கும்போதே கடைந்த மரம் இப்படித்தான் வெடிக்கும். மலைக் குளிரில் தாங்கிக் கிடந்தது, போடி வெயிலுக்கு இறங்கியதும் பிளந்துவிட்டது. மேஸ்திரி பொன்னுச்சாமியைக் கேட்டேன்.

"பச்சை மரத்துல ஏன் கடைஞ்சீங்க?"

"காஞ்ச மரம் இல்லீங்களே அம்மிணி."

அதைச் சொன்னபோது அவர் ஒரு பலாக்கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். பல வருடம் காய்ந்து, தேன் நிறத்துக்கு வந்துவிட்ட கட்டை.

"அப்ப நீங்க உக்காந்திருக்கறது?"

"இதுங்களா? இது உக்கார்றதுக்குங்க."

பட்டறையே சிரித்தது. சுடலைமுத்து சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

2. எங்கெங்கே இருந்தது

அன்றைக்கே தேடினேன். காய்ந்த பலா கிடைத்த இடங்கள்: கிடங்கின் பரண், தோல் ஊறவைக்கும் தொட்டிக்குப் பின்புறம், சாமி படத்துக்குக் கீழே துணி போட்டு மூடி, என் மேஜைக்கு அடியில். கடைசியாகச் சொன்னதில் நான் தினமும் கால் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றிலும் ஒரு சுண்ணாம்புப் பொட்டு இருந்தது. அப்போதுதான் அந்த வழக்கம் எனக்குத் தெரியவந்தது. மரம் சங்கத்தினுடையது. ஆனால் காய்ந்து வரும் கட்டையில் நல்லதாகப் பார்த்து ஒருவர் பொட்டு வைத்துவிட்டால், அவர் கையாலேயே அதை அழிக்கும்வரை வேறு யாரும் அதில் உளியோ வாச்சியோ வைக்க மாட்டார்கள். பொட்டு வைத்தவரும் வைக்க மாட்டார். என்றோ வரப்போகும் ஒரு பெரிய வித்வானுக்காக அது காத்திருக்கும். வித்வான் வந்தாலும், "இது அவருக்கு ஒரு படி அதிகமுங்க" என்பார்கள். இப்படிக் காய்ந்த மரமெல்லாம் பொட்டோடு உட்கார்ந்துகொள்ள, ஈர மரம்தான் கடைசலுக்குப் போனது. அதைத்தான் ஊர் ஊராக விற்றிருக்கிறார்கள்.

மேஸ்திரியின் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி மாராத்தாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கட்டைங்களா? தாராளமா எடுத்துட்டுப் போங்க அம்மிணி. கட்டிலுக்கடியில, குதிருக்குப் பின்னால, கோழிக்கூட்டு மேல. ஊட்டுக்கு ஒரம்பறைச் சனம் வந்தா படுக்க எடமில்லீங்க. என்னையப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு இந்த மனுசன் மொதல்ல என்ன பண்ணுனாருன்னு கேளுங்க. எங்க கொல்லையில நின்ன பலாவைச் சுத்தி வந்து தட்டிப் பார்த்தாரு. செரின்னு தலையாட்டிட்டு அப்பறந்தான் உள்ள வந்தாரு."

"மரம் என்னாச்சு?"

"எங்கய்யன் வெட்டிக் குடுத்துட்டாரு. அந்தா, அடுப்புக்கு மேல தொங்குது பாருங்க. எம்மவனுக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்கறம். அது இன்னும் அங்கயேதான் இருக்குது."

இதைக் கேட்டு யாரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

3. முத்திரைப் பெட்டி

மறுநாள் காலை மேஸ்திரியிடம் நேராகவே சொன்னேன். கிடங்கில் இருக்கிற பெரிய கட்டையை அறுத்து இவருக்குத் தவில் செய்துகொடுங்கள். தோலும் வளையமும் பழையதே போதும், கட்டை மட்டும்தான் வேண்டும்.

"அதைங்களா?" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். "கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அடிக்கறவருக்கு அந்தக் கட்டைங்களா அம்மிணி?"

சுடலைமுத்து பக்கத்தில்தான் நின்றிருந்தார். "ஆமாய்யா, கல்யாணத்துக்கு அடிக்கவன்தான். அங்க வச்சு வெடிச்சது ஒம்ம கட்டைல்லா?" என்றார்.

மேஸ்திரி மறுபடி உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் உளியைத் தீட்டுவதில் மும்முரமானார்கள்.

நான் முத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வரிசையில் இருந்த மிருதங்கக் கட்டைகள் எல்லாமே ஈரம். அவற்றில் குத்த மாட்டேன் என்றேன். சங்கத்தின் செக்ரட்டரி ஓடிவந்தார்.

"சரக்கு போகோணும் அம்மிணி. குத்தாம இருக்க உங்களுக்கு என்ன அதிகாரம்?"

"ஈரக் கட்டையில் குத்த எனக்கு அதிகாரம் இல்லை. அவ்வளவுதான்."

"கொஞ்சம் பொறுங்க. கலைஞருங்க மனசு அப்படித்தான் இருக்கும். மெல்லப் பேசிக்கலாம்."

மெல்லத்தான் பேசினார்கள். நாட்கள் போயின. சுடலைமுத்து கிடங்கு வாசலில் படுத்து, ஓட்டலில் தின்றுகொண்டு, தினமும் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்: "இன்னைக்கு அறுப்பாகளாம்மா?" சங்கத்தின் மரத்தை வேறு யாராவது ஒளித்து வைத்தால் போலீஸ் வரும். இவர்கள் ஒளித்ததற்குக் கலைஞர் மனசு என்று பெயர் வைத்து, காப்பி வாங்கிக்கொடுத்தார் செக்ரட்டரி.

4. அறுத்தபோது

கடைசியில் சரக்கு கேட்டு மெட்ராஸ் கடைக்காரர் ஆளையே அனுப்பிவிட்டார். காய்ந்த மரத்தை எடுக்காமல் சரக்கு போகாது என்று பயந்து மேஸ்திரி இறங்கிவந்தார். பெரிய கட்டையின் பொட்டைத் துண்டால் துடைத்தார். ரம்பம் வைத்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே ரம்பம் தானாக ஓடியது. கட்டை இரண்டாகி விழுந்ததும், உள்ளேயிருந்து அரிசி மாவு போலக் கொட்டிற்று. வண்டு. புறத்தில் ஊசி முனையளவு துளைகள்; பொட்டின் சுண்ணாம்பு அவற்றை மூடியிருந்தது. பொட்டு வைத்த கட்டையை யாரும் புரட்டிப் பார்க்காததால், வண்டுக்கு இடைஞ்சலே இல்லை.

மேஸ்திரி மாவைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு இரக்கம் வரவேண்டும் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வரவில்லை. "அடுத்த கட்டை" என்றேன்.

அடுத்ததிலும் மாவு. மூன்றாவதைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை.

மத்தியானம் மாராத்தாள் வந்தார். பின்னால் அவர் மகன், அடுப்புக்கு மேல் தொங்கிய கட்டையைத் தோளில் சுமந்து வந்தான். கரி பிடித்துக் கறுத்திருந்தது.

"ஏய், அதுல என் பொட்டு இருக்குது" என்றார் மேஸ்திரி.

"எங்கய்யன் மரம். நான் அழிக்கறன்" என்று முந்தானையால் அழுத்தித் துடைத்தார் மாராத்தாள். "உங்களுக்கு வித்வான் வர்ற வரைக்கும் புகையில இருமிட்டுக் கெடந்தது நானுங்க."

அந்தக் கட்டை தேறியது. இத்தனை வருடப் புகை, வண்டை அண்டவிடவில்லை. ஒரு சிறு துண்டு வெட்டி ஈரம் பார்த்தேன். இதைவிட நன்றாக உலர்ந்த பலாவை நான் கண்டதில்லை. மேஸ்திரி தானே கடைந்தார். நன்றாகத்தான் கடைந்தார், அதை மறுக்கவில்லை. நான் முத்திரை குத்தினேன். சுடலைமுத்து தோல் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, வாசித்துக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

5. கொடியேற்றத்துக்குப் பிறகு

கொஞ்ச நாள் கழித்து, பொள்ளாச்சிக்கு வந்த எஸ்டேட் லாரியில் தொற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வார் ஒன்று மாற்றவேண்டும் என்றார்.

"போய்ச் சேருமுன்ன கொடி ஏறிட்டும்மா. தேனிக்காரன் உக்காந்து வாசிச்சிட்டிருக்கான். நம்ம செட்டுக்காரர் என்னைப் பாத்தாரு, பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டாரு. இப்ப எங்க கூப்பிட்டாலும் தனியாப் போறேன். எப்பவாவது கூப்பிடுதாக."

மேஸ்திரி கடைசலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, கட்டை எப்படிப் பேசுதுங்க?" என்றார்.

"அதுக்கென்ன, தங்கமாப் பேசுது" என்றார் சுடலைமுத்து.

"அப்பாடா" என்று மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "கட்டை தப்புச்சுதுங்க."

நான் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனேன். இருந்த பொட்டுகளையெல்லாம் ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவினேன். வாசலில் நின்று பார்த்தார்கள். தடுக்க ஒருவரும் வரவில்லை. அன்றிலிருந்து காய்ந்த கட்டை, யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு. வித்வானா, காதுகுத்துக்கு அடிப்பவரா என்று நான் விசாரிப்பதில்லை.

இந்த வேலைக்கு இனி வரும் பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். மரக் கிறுக்கு என்று சிரித்து உங்களையும் சிரிக்கவைக்கப் பார்ப்பார்கள். சிரிக்காதீர்கள்; வாசலில் யார் காத்திருக்கிறார் என்று பாருங்கள். காய்வதற்கு மரம் எத்தனை வருடம் கேட்டாலும் கொடுங்கள். காய்ந்த பிறகு ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள்.