தலையணைக்குள் சொன்ன சேதி

ஹிசாயோ என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கல்யாணப் பேச்சின்போது. தரகுக்காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், மாப்பிள்ளையின் அண்ணி ஹிசாயோவுக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது, அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். தோக்கியோவில் கமதா பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பட்டறை. அந்தச் சத்தத்தையும் தாண்டி அவள் பேச்சு எனக்குக் கேட்கும்.

அப்படிப்பட்டவளிடம் அவள் புருஷன் கெங்கிச்சி பதினான்கு மாதம் பேசவில்லை. காரணம் ஒரு பானை. எங்கள் மாமியார் நாற்பது வருஷம் காப்பாற்றிய தவிட்டு ஊறுகாய்ப் பானை. அரிசித் தவிட்டில் காய்கறியைப் புதைத்து ஊறவைப்பது; தினமும் கைவிட்டுக் கிளறாவிட்டால் கெட்டுவிடும். மாமியார் இறந்த மூன்றாம் வருஷம் ஹிசாயோ அதைக் குப்பையில் கொட்டினாள். ஏன் என்று யார் கேட்டும் சொல்லவில்லை. அம்மாவையே கொட்டிவிட்டாள் என்றார் கெங்கிச்சி. அதோடு பேச்சு நின்றது. சோறு வேண்டுமென்றால் கிண்ணத்தைக் குச்சியால் தட்டுவார். வெந்நீர் போதாவிட்டால் தொட்டியைத் தட்டுவார். பிறந்த வீட்டுக்கே போய்விடட்டுமா என்று ஹிசாயோ என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாம் முறை கேட்கமாட்டாள், போய்விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. ஹிசாயோ அங்கே மத்தியானச் சாப்பாடு கொடுத்து வந்தாள். நுமாதா என்கிற இளைஞர் அங்கே வருவார்; சின்னச் சின்னப் படங்கள் எடுப்பவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு படுக்கைக் காட்சி இருக்க வேண்டும், மிச்சத்தில் எந்தக் கதையையும் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருக்குக் கம்பெனி போட்ட நிபந்தனை. மிச்சத்துக்குப் படச்சுருள் போதவில்லை. அதனால் கதை முழுவதையும் படுக்கையிலேயே வைத்துவிட்டார். தபால் வருவதும் அங்கேதான், மாமனார் செத்த சேதி வருவதும் அங்கேதான்.

படம் எடுத்து முடித்த பிறகுதான் குரல் சேர்ப்பார்கள். அன்று நடிகை வரவில்லை. சாப்பாட்டோடு வந்த ஹிசாயோவைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார் நுமாதா. திரையில் ஆணும் பெண்ணும் பிறந்தமேனியாகக் கிடந்தார்கள். முனகச் சொன்னார். அவளுக்கு இருமல்தான் வந்தது.

"இந்தப் பொண்ணு எதுக்குத் தம்பி தலகாணியில மொகத்தப் பொதைச்சிருக்கா?"

"புருஷன்கிட்ட மறைச்ச ஒண்ணு இருக்குக்கா. உடுத்திக்கிட்டு உக்காந்தா சொல்லமாட்டா, இப்படிக் கெடக்கறப்பதான் சொல்லுவா. அதுக்காகத்தான் இந்தக் காட்சியே. வாய் தெரியல, என்ன வேணா பேசுங்க."

ஹிசாயோ பேசினாள். கம்பெனி ஆள் கேட்டுவிட்டு, அம்மணக் காட்சியில் ஊறுகாய் எதற்கு என்று கத்தினாராம். ஊறுகாய் இல்லாவிட்டால் அது வெறும் சதை, அது இருந்தால்தான் கதை என்று நுமாதா விட்டுக்கொடுக்கவில்லை.

கெங்கிச்சி புதன்கிழமை மத்தியானங்களில் ஸ்டேஷன் பக்கத்து சினிமாக் கொட்டகைக்குப் போவார், என்ன படம் என்று பார்க்கமாட்டார். நுமாதாவின் படம் ஓடிய அன்று பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவருக்கு அங்கே என்ன வேலை என்பதைப் பிறகு நான் தனியாக விசாரித்துக்கொண்டேன்.

திரையில் அந்தப் பெண் புருஷனைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் நீங்க கெளற மறந்துட்டீங்க. பானையில புழு வெச்சிடுச்சு. உங்க கையால கெட்டதுன்னு தெரிஞ்சா சாகறவரைக்கும் அழுவீங்க. அதான் கொட்டிட்டேன்."

கெங்கிச்சி எழுந்து நின்றார். "அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன, ஹிசாயோ?"

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "அண்ணே, அவங்க குடும்ப விஷயத்துல நீங்க எதுக்கு? உக்காருங்க, மறைக்குது."

அவர் உட்காரவில்லை. நேரே ஹிசாயோவின் பெரியம்மா மகனின் அரிசிக் கடைக்குப் போய், தவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எப்படிக் கிளறுவது, காட்டு என்றார். பழைய தவிட்டை வாங்கி வந்ததற்கு அவள் திட்டியது எங்கள் வீடுவரை கேட்டது. அப்புறம் அவள் பிறந்த வீட்டுப் பேச்சை எடுக்கவேயில்லை.

கெங்கிச்சி இறந்து பதினொரு வருஷமாகிறது. ஹிசாயோவுக்குத் தொண்ணூற்றொன்று, சீபாவில் மகள் வீட்டில் கீழறையில் இருக்கிறாள்.