முப்பத்தைந்து அயிட்டம் பேரிடர்ப் பெட்டி

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. 'உடம்புக்கு முடியலையா?' என்று நாலைந்து வாசகர்கள் விசாரித்திருந்தீர்கள். நன்றி. உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. சிவகாசியில் என் தங்கை வீட்டு மாடியில், நானூறு பேரிடர்ப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பேரிடரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புரியவில்லையா? முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தங்கை சாந்தியின் கணவர் தங்கப்பாண்டி, பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் போடுகிறவர். பட்டாசு செய்வது வேறு கம்பெனி. இவர் வாங்கி வந்து, வகைக்கு ஒன்றாகப் பெட்டியில் அடுக்கி, கண்ணாடிப் பேப்பர் சுற்றி லோடு ஏற்றுவார். கிஃப்ட் பாக்ஸ் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். பெட்டி ஆளை அசத்தும். மேலடுக்கில் புஸ்வாணமும் சக்கரமும் பளபளக்கும். அதை எடுத்தால்... மடித்து வைத்த அட்டை. அட்டைக்குக் கீழே? காற்று.

தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. நாம் பெட்டியைத் தூக்கியா பார்க்கிறோம்? 'எத்தனை அயிட்டம்?' என்றுதானே கேட்கிறோம்?

தீபாவளி முடிந்தால் அவருக்கு வேலை படுத்துவிடும். அடுக்குகிற பெண்களுக்கும் அதே கதிதான். போன வருஷம் இப்படிச் சும்மா இருந்த நேரத்தில்தான் சுனாமி வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் ஒரே உபதேசம் — வீட்டுக்கு வீடு அவசரகாலப் பெட்டி வையுங்கள், தண்ணீர் வையுங்கள், டார்ச் வையுங்கள்! தங்கப்பாண்டி படித்தார். மறுநாளே எனக்குப் போன்.

"மச்சான், பட்டாசுக்குத் தீவாளி ஒண்ணுதான். இதுக்குப் புயல் இருக்கு, வெள்ளம் இருக்கு, பூகம்பம் இருக்கு... வருசம் பூராம் சீசன் மச்சான்!"

மனுஷன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நாட்டுக்கு இன்னும் நாலு பேரிடர் வந்தால் தேவலை என்பது போல.

இப்படிப் பிறந்ததுதான் 'முப்பத்தைந்து அயிட்டம் பேரிடர்ப் பெட்டி'. முப்பத்தைந்தும் என்னென்ன என்கிறீர்களா? மெழுகுவர்த்தி ஒன்று. தீப்பெட்டி ஒன்று. பிஸ்கட் குட்டிப் பாக்கெட் ஒன்று. தண்ணீர் பாக்கெட் ஒன்று. டார்ச் ஒரு அயிட்டம், அதற்குள் போகிற பேட்டரி தனி அயிட்டம். விசில், சீப்பு, கைக்கண்ணாடி. ஊக்கு ஆறு — ஆறும் ஆறு அயிட்டம்!

"ஏன் மாப்ளே, வெள்ளத்துல போறவன் தலை சீவிட்டா போவான்?" என்று கேட்டேன்.

"அயிட்டம் கூடணும்ல மச்சான்!"

மேலே ஒட்டுகிற லேபிளில் பட்டுப்பாவாடைக் குழந்தை, மாலை மாதிரி மின்னும் வாணவேடிக்கை, சிரிக்கும் அப்பா அம்மா. தீபாவளிக்கு அடித்து மிஞ்சிய லேபிள். அதன்மேல் 'பேரிடர் காலப் பெட்டி' என்று ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான். வெள்ளத்தைப் பார்த்துக் குடும்பமே குதூகலிக்கிறது!

இதையும் வாங்க ஆள் வந்ததுதான் வேடிக்கை. இந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் கடலோரத்து டிரஸ்ட் ஒன்று நானூறு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தது. இந்த லோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்து பெரிய ஆர்டர். அடுக்குகிற பெண்களுக்குப் பொங்கல் வரை வேலை. அந்த நம்பிக்கையில்தான் பெட்டிகளெல்லாம் கட்டி, சீல் வைத்து மாடியில் அடுக்கியிருந்தார்கள். லாரி வர வேண்டியதுதான் பாக்கி.

லாரிக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

அவர் வீடு இருக்கும் இடத்தின் பெயர் லேக் வியூ நகர். பிளாட் போட்டு விற்றவன் வைத்த பெயர். விற்றது கண்மாய்த் தண்ணீர் போகும் ஓடையை. வாங்கும்போதே சொன்னேன், கேட்டால்தானே? கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. தண்ணீருக்குப் பத்திரப் பதிவெல்லாம் தெரியுமா? பழைய பாதையிலேயே வந்தது. நான் சும்மா தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று விருதுநகரிலிருந்து காலையில் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். கேஸ் சிலிண்டர் மிதக்கிறது. அரிசி டிரம் கவிழ்ந்துவிட்டது.

அந்தத் தெருவில் மாடி வீடு இவர்களுடையது மட்டும்தான். ஆகவே தெருவே மேலே ஏறி வந்துவிட்டது. பெட்டி அடுக்குகிற ராமுத்தாயும் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். எல்லாரும் பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்தோம். சாயந்திரம் ஆனது. தண்ணீர் இறங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பசி. ஒன்று அழுதது, அதைப் பார்த்து மற்றதெல்லாம் அழுதது.

நானூறு பெட்டிகள். எல்லார் கண்ணும் அதில்தான் இருந்தது. வாயைத் திறந்து கேட்கத்தான் ஆள் இல்லை. தங்கப்பாண்டி யார் முகத்தையும் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாப்ளே, பேசாம நிக்கீக?"

"சீலு ஒடஞ்சா டிரஸ்ட்காரன் எடுக்க மாட்டான் மச்சான்..." குரலே எழும்பவில்லை.

நான் நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ராமுத்தாய் முந்திக்கொண்டாள்.

"வேணாம் மொதலாளி, பிரிச்சிறாதீக. லோடு போனாத்தான் எங்களுக்குப் பொங்க வரைக்கும் வேலைன்னு சொன்னீக. பிள்ளைக ஒரு பொழுது பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆயிறாது."

சொல்லிவிட்டு, அழுகிற மகனைப் பார்த்து, "ஏலே, சும்மா கெட!" என்று ஒரு அதட்டு. பையன் அழுகையை முழுங்கினான்.

சாந்திதான் எழுந்தாள். என் தங்கை அதிகம் பேச மாட்டாள்.

"பேரிடர்ப் பொட்டியப் பேரிடர்ல பிரிக்காம எப்பப் பிரிக்கிறது? தீவாளிக்கா?"

கண்ணாடிப் பேப்பரை நகத்தால் கிழித்தாள். பர்ர்ர்ரென்று முதல் பெட்டி திறந்தது.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும்? இன்னொரு பெட்டி. இன்னொன்று. ஒரு ஆள் தாகத்துக்கு மூன்று பெட்டி உடைக்க வேண்டியிருந்தது. பேரிடர்ப் பெட்டியின் பெருமையை அன்றைக்குத்தான் அதைத் தயாரித்தவரே தெரிந்துகொண்டார். பசி அடங்கிய பிள்ளைகள் விசிலை ஊத ஆரம்பித்தன. ஒரு பெரியம்மா கைக்கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். சீப்பு வீண் என்று சொன்ன நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எம்புட்டு பெரிய பொட்டி... உள்ள இம்புட்டுத்தானா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தங்கப்பாண்டி தலை குனிந்தது. மறுநாள் தண்ணீர் இறங்குவதற்குள் மாடியில் முழுப் பெட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மனுஷன் திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே திருந்திவிட்டார். தண்ணீர் வடிந்த இரண்டாம் நாள் டிரஸ்டுக்கு அவரே போன் போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். வேலை உண்டா இல்லையா என்று கேட்டுப் போக வந்த ராமுத்தாய் வாசலில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள்.

"சார், லோடு வெள்ளத்துல போச்சு. புதுசாப் போட்டுத் தாரேன். அஞ்சே அயிட்டம் சார். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு கேன் தண்ணி, ஒரு தார்பாய். ஒரு குடும்பம் ரெண்டு நாள் தாங்கும் சார். நானே அனுபவப்பட்டுச் சொல்றேன்."

ஸ்பீக்கரில் டிரஸ்ட்காரர் குரல் இனிமையாக வந்தது.

"அஞ்சுதானா? மேடையில வச்சுக் குடுக்கும்போது எடுப்பா இருக்காது சார். போட்டோ வேற எடுக்கணும். அந்தப் பழைய மாடலே போடுங்க. முடிஞ்சா நாப்பது அயிட்டமா ஆக்கிருங்க."

தங்கப்பாண்டி என்னைப் பார்த்தார். நான் 'முடியாதுன்னு சொல்லுங்க' என்று சைகை காட்டினேன். எனக்கென்ன, வாராவாரம் எழுதினால் சம்பளம். அவர் வாசல் பக்கம் திரும்பினார். ராமுத்தாய் சேற்றுக் கூடையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றிருந்தாள்.

"சரிங்க சார்" என்றார் தங்கப்பாண்டி. போனை வைத்துவிட்டு, "நாளைக்கிருந்து வந்துரு தாயி. எல்லாரையும் கூட்டிட்டு வா" என்றார்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூடையை அப்படியே போட்டுவிட்டு, மற்ற பெண்களிடம் சொல்ல ஓடினாள்.

எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் அந்தப் பெட்டி ஒரு வீட்டுப் பசியையும் ஆற்றப்போவதில்லை... ராமுத்தாய் வீட்டுப் பசியைத் தவிர!