சனூனின் தராசில் மதலேனா மாமி

2022 ஓகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை, அஞ்சலா இத்தாலிக்குப் புறப்பட்டாள். வாசலில் வான் காத்து நிற்க, தாய் மதலேனா மாமிக்குக் கடைசிக் கட்டளை இட்டாள்.

"கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதியுங்கோ அம்மா. ஒண்டு பிழையெண்டாலும் வாடி வேலையை விட்டுப்போடோணும்."

கீரிக் கிராமத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு வயது ஐம்பத்திரண்டு. சனூன் முதலாளியின் கருவாட்டு வாடியில் பதினெட்டு வருடமாக மீன் வெட்டி, உப்பிட்டு, காயவைப்பவர். வேலை போனால் நாள் முழுக்கக் கணவர் அமிர்தநாயகம் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் மாமியின் பயம்.

கிளினிக் தராசு நூற்றிருபது கிலோவுக்கு மேல் காட்டாது; மாமி அதையும் தாண்டியிருந்தார். வேறெங்காவது நிறுத்து வரச் சொன்னார் டொக்டர் யதுர்சிகா. மாமி வாடித் தராசில் ஏறினார். சனூன் துண்டில் 118 என்று எழுதிக் கொடுத்தார்.

"ஒரு நாளிலை எப்பிடியம்மா குறைஞ்சது?" என்று மாமியைக் கேட்ட டொக்டர், சனூனுக்கே போன் எடுத்தார்.

"தராசு சரி டொக்டர். மீன் நிறுக்கேக்கை கூடைக்கும் ஐசுக்கும் வழமையாக் கழிக்கிற எட்டுக் கிலோவை, கை தானாக் கழிச்சுப்போட்டுது."

இரத்த முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். மாமிக்குச் சீனி சரி, கொழுப்பு சரி, பிரஷரும் சரி. டொக்டர் நம்பாமல் மறுபடி சோதிப்பித்தார். அதுவும் சரி. ஈர்க்கில் மாதிரி இருக்கும் மாமாவும் மாமியோடு போய், இரத்தம் எடுக்கச் சும்மா கையை நீட்டியிருந்தார். அவருக்குத்தான் எல்லாம் எகிறியிருந்தது.

"என்ரை கொழுப்பு ஊருக்கே தெரியும். உங்கடைதான் ஒளிச்சிருக்கு," என்றார் மாமி.

"சிரிக்காதேங்கோ அம்மா," என்றார் டொக்டர். "இப்ப சரியெண்டா எப்பவும் சரியெண்டில்லை. இந்த நிறை போகப்போக இதயத்துக்குச் சுமை. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்கோ."

"அப்ப வாடி வேலை?"

"அதை விட்டுடாதேங்கோ. நடந்து, குனிஞ்சு, நிமிர்றது நல்லம்."

"அதை மட்டும் எழுதித் தாங்கோ."

அந்தத் துண்டின் படம் அன்றே இத்தாலிக்குப் போனது.

2025 மார்ச்சில், நான் இப்போது இருக்கும் ஜோர்ஜியாவில் பஸ்ஸுக்கு நின்றபோது மாமியின் குரல் பதிவொன்று எனக்கு வந்தது.

"பிள்ளை, எனக்கும் சீனி விளிம்பிலை வந்து நிக்குதாம். அஞ்சலா வேலையை விடச் சொல்லி அழுறாள். டொக்டர் இரவுச் சோத்தைத்தான் பாதியாக்கச் சொன்னவ, வேலையை இல்லை. கிளினிக் வரிசையிலை மாமா என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுறார். சரி வைக்கிறன், கட்டா மீன் குவிஞ்சு கிடக்கு, வெட்டோணும்."