அம்மன் காலடியில் கிடந்த உத்தரவு

நடந்தவை, வரிசைப்படி:

1. ஹாம்பர்க் நகரில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் லேனா, ஒரு நாடக அரங்கில் மாதச் சம்பளத்துக்கு ஆடுபவள். ஒத்திகைக் கூடத்துத் தரை கடினமாக இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று தன் சங்கத்து வக்கீலுக்குப் போன் செய்தாள்.

2. அதே வாரம் பொன்னமராவதிப் பக்கம் ஓர் ஊரில், கோயில் திருவிழா மேடையில் என் அக்கா கோமதி ஆடினாள். ஆடல் பாடல் நிகழ்ச்சி. பதினோரு வருடமாக அதுதான் அவள் தொழில்.

3. ஏழு மணிக்கு நிகழ்ச்சி என்று நோட்டீஸ். பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்க ஒன்பதரை ஆயிற்று.

4. பத்தேகாலுக்குப் போலீஸ் மேடையேறியது. பத்து மணியோடு முடிக்க வேண்டும் என்பது கோர்ட் நிபந்தனை.

5. வழக்கில் முதல் எதிரி என் அக்கா. விழாக் கமிட்டித் தலைவர் சாட்சி.

6. லேனாவின் தரையை மாற்றிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் ஆடல் பாடலுக்குப் பல ஊர்க்காரர்கள் மதுரைக் கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கி வருவது உங்களுக்குத் தெரியும். ஆபாச உடை கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்று உத்தரவில் நிபந்தனைகள் இருக்கும். கமிட்டிக்கு வக்கீல் உண்டு. அரசுக்கு வக்கீல் உண்டு. நிபந்தனையெல்லாம் யார் உடம்பைப் பற்றியதோ அவளுக்கு மட்டும் வக்கீலும் கிடையாது, உத்தரவின் நகலும் கிடையாது.

அக்கா கேட்காமல் இல்லை. மேக்கப் போடுவதற்கு முன்பே தலைவரிடம் போயிருக்கிறாள்.

"அண்ணே, கோர்ட்டு ஆர்டரைக் கொஞ்சம் காட்டுங்க. என்னென்ன போட்டிருக்குன்னு பாத்துக்கிறேன்."

"அது அம்மன் காலடியில இருக்குத்தா. காப்பு அவுக்குற வரைக்கும் வெளிய எடுக்கக் கூடாது."

"அம்மன் படிச்சு என்னண்ணே செய்ய? ஆடப் போறது நாந்தானே?"

"எல்லாம் அவ பாத்துக்குவா. நீ போயி ரெடியாகு."

உத்தரவு வந்ததும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மேளத்தோடு கருவறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மதுரையிலிருந்து அதைக் கொண்டுவந்தவருக்கும் ஒரு பொன்னாடை. அதைப் பிரித்துப் படித்தவர் யாருமில்லை. மற்ற ஊர்களில் பத்தோடு முடிப்பதே வழக்கம் என்பதால், பத்து மணி ஆனதும் அக்கா நிறுத்தப் பார்த்தாள். தலைவர்தான் இன்னும் ரெண்டு பாட்டு என்று சைகை காட்டியிருக்கிறார். போலீஸ் வந்ததும், "ஆர்டர் கோயிலுக்குள்ள இருக்கு சார், போயி அம்மன்கிட்ட கேளுங்க" என்று அக்கா சொன்னாள். அந்த ஒரு வரிக்காக, அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக இன்னொரு பிரிவும் சேர்ந்தது. தலைவர் பொன்னாடையோடு நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

லேனாவிடம் இதைச் சொன்னபோது நிதானமாகக் கேட்டாள்.

"ஒப்பந்தத்தில் நேரம் எழுதவில்லையா?"

"ஒப்பந்தம் என்பது தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய்."

"வெற்றிலையில் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவீர்கள்?"

அவள் கேலி செய்யவில்லை. சற்று யோசித்துவிட்டு, "உத்தரவைப் பெற்றுக்கொண்டது தெய்வம்தான். அப்படியானால் தெய்வத்தின் மீதும் வழக்கு இருக்கிறதா?" என்றாள். இல்லை, அம்மன் தரப்பில் கமிட்டி இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுதாகப் புரியவில்லை.

நம் நாட்டில் பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும் என்பதை லேனா நச்சரித்த பிறகுதான் தேடிப் படித்தேன். இருபத்து மூன்று வயது வரை அரிமளத்தில் இருந்தபோது இது எனக்குத் தெரியாது. அக்காவைப் புதுக்கோட்டைக் கோர்ட்டுக்குப் போய் அதற்கு மனு கொடுக்கச் சொன்னேன். கோர்ட் வாசலில் மனு எழுதித் தருபவர், தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாராம்.

"ஆட்டம்னு எழுதுங்க சார்."

"அத எழுதுனா உள்ள என்ன நெனப்பாங்கம்மா? கூலின்னு போட்டுக்குவோம்."

"அப்ப கூலிக்காரி எதுக்கு மேடையில ஏறுனான்னு கேட்டா, நீங்க வந்து சொல்லுவீங்களா?"

ஆட்டம் என்றே எழுதிவிட்டுப் பேனா நகர்ந்தது. எஃப்.ஐ.ஆரில் அவளை ஆட்டக்காரி என்று எழுத யாரும் யோசிக்கவில்லை. உதவி கேட்கப் போனபோதுதான் அந்தச் சொல் கூச்சம் தருவதாகிவிட்டது.

கிடைத்த வக்கீல் அக்காவைவிட இளையவர். முன்ஜாமீன் வாங்கித் தந்தார். தினமும் காலை பத்தரைக்கு அந்த ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அரிமளத்திலிருந்து இரண்டு பஸ். திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும் பங்குனி, சித்திரை மாதங்களில் தஞ்சாவூர்ப் பக்கம் மேடை பிடித்திருந்த குழு, வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. "இந்த சீசன் போனா போகட்டும்டி. அடுத்த வருசம் கேஸ்காரின்னு சொல்லி ஆடக் கூப்பிட மாட்டாங்களே, அதான்" என்றாள் அக்கா. பெயரை வழக்கிலிருந்து எடுத்தால்தான் அவளுக்கு மேடை.

வக்கீல் உத்தரவின் நகலைக் கேட்டார். காப்பு அவிழ்த்த பிறகு கமிட்டி கொடுத்த தாளில் எண்ணெயும் மஞ்சளும் ஊறியிருந்தன. நேரம் குறித்த வரிக்கு மேல் சரியாகக் குங்குமப் பொட்டு. நான் ரயிலில் வேலைக்குப் போகும்போது, அதிலிருந்த வழக்கு எண்ணைக் கோர்ட்டின் இணையதளத்தில் போட்டுத் தேடினேன். இரண்டு நிறுத்தம் கடப்பதற்குள் உத்தரவு முழுவதும் கைப்பேசியில் இறங்கிவிட்டது. மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டேன். கடைசிக்கு முந்தைய வரி: நிபந்தனை எது மீறப்பட்டாலும் விழா ஏற்பாட்டாளர்களே பொறுப்பு.

அன்று மாலையே அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "ஏண்டி, அம்மன் நெசமாவே படிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாள்ல?" என்றாள்.

இன்றைய நிலை: அந்த வரியைக் காட்டி, பெயரை நீக்க வக்கீல் மனு போட்டிருக்கிறார். இரண்டு முறை வாய்தா. தினக் கையெழுத்து, திங்கட்கிழமை மட்டும் என்று குறைந்திருக்கிறது. அங்கே பத்தரை என்றால் இங்கே காலை ஏழு. திங்கட்கிழமைகளில் லேனா புதுத் தரையில் ஆடக் கிளம்பிப் போவாள். நான் ஒரு கால் ஷூவை மாட்டிக்கொண்டு, மறு ஷூவைக் கையில் வைத்தபடி, "போட்டாச்சு" என்ற அக்காவின் ஒற்றைச் சொல் வரும்வரை வாசலில் நிற்கிறேன். வழக்கு நிலுவையில் இருக்கிறது.