ஓடுதளத்தை மறித்த வண்டி

மதியச் சாப்பாடு முடிந்ததும் வெர்னா ஹாகன் தன் பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுபோய்ப் புல் ஓடுதளத்தின் நடுவில் குறுக்காக நிறுத்துவார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளேயே உட்கார்ந்து பட்டாணி உரிப்பார். இறங்க வருகிற விமானங்களுக்கு ஒதுங்கி வழிவிடுவார். கிளம்புகிறவர்கள் மட்டும் மலை நிழல் விழும்வரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஐடஹோ மலைகளுக்குள் இருக்கும் அவருடைய பண்ணைக்குச் சாலையில் வந்தால் அரை நாள் போய்விடும். மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கள் சின்ன விமானங்களிலேயே வந்து இறங்குகிறார்கள். வெர்னாவுக்கு யார் பெயரும் நிற்காது. விமானத்தின் நிறம்தான் பெயர். "ஏ மஞ்சள், காபி ஆறுது பாரு" என்பார்.

கணவர் லைல் வாழ்நாளெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில் பறந்தவர். ஓர் ஆகஸ்ட் மதியம் இரண்டு விருந்தாளிகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அனலில் காற்று மெலிந்துவிடும். சக்கரம் தரையை விட்டாலும் விமானம் மேலே ஏறத் திணறும். ஓடுதளக் கோடியில் நிற்கும் பைன் மரங்களை லைல் தாண்டவில்லை. விருந்தாளிகளில் ஒருவர் மட்டும் பிழைத்தார்.

"ஏறப்போறப்ப, 'வெயில் தாழ்ந்து போகட்டுமா'ன்னு கேட்டாரு," என்று வெர்னா ஒருமுறை என்னிடம் சொன்னார். "பாத்திரம் கழுவிட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. 'உங்க இஷ்டம்'னேன்."

நான் அடுத்த பண்ணைக்காரன். போன ஜூலையில் வைக்கோல் கட்ட உதவப் போயிருந்தபோது, பாய்சி நகரத்திலிருந்து நீல விமானத்தில் வந்திருந்த ட்ரென்ட், மனைவியோடும் மைத்துனரோடும் கிளம்பத் தயாராக நின்றார்.

"வண்டியை எடுங்கம்மா. ராத்திரி ஒரு விருந்துக்குப் போயாகணும்."

"நிழல் விழட்டும், நீலம்."

"கணக்குப் போட்டுட்டேன். இந்த எடைக்கும் இந்தச் சூட்டுக்கும் தாராளமா ஏறும்."

"ஏறலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. லைலுக்குத் தெரியும். அவரும் போட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் பண்ணின தப்புக்கு நான் என்ன செய்ய?"

வெர்னா ஒரு பட்டாணிக் காயை உரித்து முடித்தார்.

"கணக்குத் தெரியாம அவர் சாகல தம்பி. காத்திருக்க மனசில்லாம செத்தாரு. உக்காரு."

"போலீஸ் ஷெரீப்பைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவர் வந்து சேரவும் நிழல் விழவும் சரியா இருக்கும்."

ட்ரென்டின் மனைவி மறுபக்கக் கதவைத் திறந்து வெர்னாவின் அருகில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடிப் பட்டாணியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ போறதுன்னா போ, ட்ரென்ட். நான் சாயங்காலம்தான் வருவேன்."

ட்ரென்ட் போய் இறக்கையின் நிழலில் தொப்பியால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார்.

வெயில் இறங்கி மலை நிழல் புல்லை மூடியதும் வெர்னா தானாகவே வண்டியை நகர்த்தினார். ட்ரென்ட் விடைபெறவில்லை. அவர் மனைவி மட்டும் கையசைத்தாள். விமானம் ஓடத் தொடங்கியதும் வெர்னா அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நான் பார்த்தேன், மரங்களுக்கு மேலே நல்ல உயரத்தில்தான் போயிற்று.

"சுகமா ஏறிட்டான்," என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்ளங்கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். இயந்திரச் சத்தம் ஆற்று வளைவைத் தாண்டித் தேய்ந்தது. என் காதுக்கு அது எட்டாமல் போன பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.