டென்சில் திறந்த வால்வு

சந்தாபுராவுக்குப் பக்கத்தில் இருநூற்று எண்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் பேஸ்மென்ட் மூலையில் டென்சிலின் ராஜ்ஜியம். மேலே குளித்தது, துவைத்தது, கழித்தது எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அந்த இடத்தை எஸ்.டி.பி. என்பார்கள். டென்சில் எட்டு வருஷமாக அங்கே ஆபரேட்டர். அல்சூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற சட்டையை இந்தப் பக்கம் கொண்டுவரவே மாட்டார்.

வேலை செய்வது தானில்லை, பாக்டீரியா என்பார். தொட்டியில் கோடி கோடியாகக் கிடக்கும் அவை அழுக்கைத் தின்னும்; அவை மூச்சுவிட, அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. காலையில் ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை மணி நேரம் வைப்பார். பழுப்புச் சகதி அடியில் படிந்து மேலே தெளிந்தால் உள்ளே எல்லோரும் நலம். உடனே மனைவி பிரிஜெட்டுக்கு போன் போடுவார்.

"இன்னிக்கு புள்ளைங்க நல்லா சாப்ட்டுச்சு."

"வீட்ல இருக்கறவ சாப்ட்டாளான்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா?" என்பாள் அவள்.

தெளிந்த நீரில் தோட்டத்துக்குப் போனது போக மிச்சம், பின்னாலிருக்கும் சின்ன ஏரிக்குப் போகும். சுத்தம் செய்யாமலே நேராக ஏரிக்குத் தள்ளவும் ஒரு குழாய் உண்டு, அதற்கொரு வால்வு. எட்டு வருஷத்தில் டென்சில் அதைத் தொட்டதில்லை. மதியச் சோற்றை ஏரிக்கரையில் உட்கார்ந்து தின்கிறவர். மீனுக்கும் ஒரு பிடி போடுவார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், மச்சினி மகள் கல்யாணத்துக்கு கே.ஜி.எஃப். போய்விட்டு மூன்றாம் நாள் வந்தார். படியிறங்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது. வழக்கமான ஈரமண் வாசனை இல்லை, நீச்சல்குள வாசனை. தொட்டி முழுக்க வெள்ளை நுரை. ஜாடியில் அரை மணி கழித்தும் எதுவும் படியவில்லை.

ஹவுஸ்கீப்பிங் லட்சுமம்மா பெருமையோடு நின்றிருந்தாள். "பண்டிகைக்கு விருந்தாளி வர்றாங்க, ஸ்மெல் வரக்கூடாதுன்னு செகரெட்டரி சார் சொன்னாருண்ணா. ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் கொட்டினோம். நல்லா கிளீன் ஆயிடுச்சில்ல?"

ஆகிவிட்டது. உள்ளே ஒன்றுகூட உயிரோடு இல்லை.

அசோசியேஷன் செகரெட்டரி கோதண்டராமன் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். "கிளீன் பண்ணினது ஒரு தப்பா டென்சில்?" என்றார்.

"அது அழுக்கு இல்ல சார். அதுங்கதான் உங்க வேலையாளுங்க. மொத்தமா கொன்னுட்டீங்க. திரும்ப வளர பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் தண்ணிய கம்மி பண்ணச் சொல்லுங்க. மிச்சத்த அள்ள செப்டிக் டேங்க் லாரி கூப்பிடுங்க."

"பண்டிகை நாள்ல கேட்ல அந்த லாரி நின்னா நல்லாவா இருக்கும்?"

டென்சில் நாலு மூட்டை பசுஞ்சாணம் கொண்டுவந்து வெல்லத்தோடு கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். பக்கத்துக் குடியிருப்பின் எஸ்.டி.பி.யிலிருந்து விதைக்காக ஒரு டிரம் சகதி வாங்கிவந்தார். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி வாட்ஸப்பில் அறிவிப்பு போனது. எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். எண்ணெய்க் குளியலை ஒருவரும் குறைக்கவில்லை. படித்த வீடுகள், கேட்பானேன்.

நாலாம் நாள் பிற்பகல் தொட்டி வழிய ஒரு சாண்தான் பாக்கி. லாரிக்காரர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கோதண்டராமன் ஓடிவந்தார். "வால்வைத் திறங்க! பேஸ்மென்ட்ல நிக்கிற வண்டியெல்லாம் என்னாகும்?"

'முடியாது' என்று டென்சில் சொல்லியிருக்கலாம். தான் திறக்காவிட்டால் வேறொருவன் திறப்பான், மூட மறந்துவிடுவான் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அது பொய் என்றும் அவருக்குத் தெரியும். வேலை போய்விடும் என்ற பயம்தான். திறந்தார்.

மூன்று நாள் அது திறந்தே இருந்தது. அழுக்கு வந்தால் ஏரியிலிருக்கும் பாக்டீரியாவும் சும்மா இராது, தின்று பெருகும். தொட்டியில் அதற்குக் காற்று ஊத டென்சில் இருக்கிறார். ஏரியில் யார் இருக்கிறார்கள்? நீரில் கரைந்திருக்கும் கொஞ்சக் காற்றையும் அதுவே இழுத்துக்கொள்ளும், மீனுக்கு மிஞ்சாது. மூன்றாம் நாள் காலை ஜிலேபி மீன்கள் வயிறு வெளுத்துக் கரையோரம் முழுக்க மிதந்தன. டென்சில் பார்த்தார். அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவர் திறக்கவேயில்லை.

தொட்டி பத்து நாளில் மறுபடி பழுப்பானது. நவம்பர் முதல் தேதி, கன்னட மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்ஸவ விழாவில், பேஸ்மென்ட்டைக் காப்பாற்றியதற்காக டென்சிலை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, கோதண்டராமன் தன் கையாலேயே சால்வை போர்த்தினார். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

டென்சில் மைக் பக்கம் போகவில்லை. தலைப்பாகையை எடுத்து நாற்காலியில் வைத்தார். சால்வையை மடித்து அதன் மேல் வைத்தார்.

"ஏரியில மீனெல்லாம் செத்ததுக்கு நாந்தான் காரணம். வால்வைத் திறந்தது நான். திறக்க வச்சது நீங்க எல்லாரும். இதப் போட்டுக்க என்னால ஆவாது."

பின்வரிசைக்கு அது கேட்கவில்லை. நன்றி சொல்கிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். முன்வரிசைக்கு நன்றாகவே கேட்டது. அவர்களும் கைதட்டினார்கள்.